பார் கவுண்டர் ஆன உத்திரம்



சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். என் தங்கையின் பேரன் வீட்டுக்கு வந்தான். ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு ஏழெட்டு ஆண்டுகள் வெளியூர்களில் வேலை பார்த்தவன். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ரெஸ்டாரண்ட் வைக்கப் போவதாகச் சொன்னான். நல்லது என்றேன்.

"அதுல ஒரு பார் கவுண்டர் வருது தாத்தா. புது மரம் வேணாம், பழைய வீட்டு மரத்துலதான் செய்யணும்னு நெனைக்கிறேன். உங்களுக்குத்தான் பழைய ஆசாரிங்க, மரக்கடைக்காரங்க எல்லாம் தெரியுமே. கூட வந்து பாத்துக் குடுங்க" என்றான்.

என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "எழுபத்தஞ்சு வயசுல உங்களுக்குச் சாராயக்கடைக்குப் பலகை பாக்குற வேலை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் போனேன். பென்ஷன்காரனுக்கு வெளியே கிளம்ப ஒரு காரணம் கிடைத்தால் விடுவானா? நான்கு மாதம் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்ததையும், அந்த மரத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கோன்த்துவார்

கவுண்டர் என்று அவன் சொன்னதும் எனக்கு வேறொரு சொல் ஞாபகம் வந்தது. பிரெஞ்சில் அதற்குக் கோன்த்துவார் என்று பெயர். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். எங்கள் ஊர் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள்.

வரலாற்று வகுப்பில், இந்தியாவில் பிரான்சுக்கு ஐந்து கோன்த்துவார்கள் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். இங்கே அந்தச் சொல்லுக்கு வணிகத்தலம் என்று பொருள். ஆனால் கடைக்காரர் பணம் எண்ணி வாங்கும் நீள மேசைக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். எண்ணுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்துக் கவுண்டருக்கும் அதுவே வேர்.

பத்து வயதில் எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. "அப்படியானால் நம் ஊர் ஒரு கடை மேசையா?" என்று வாத்தியாரைக் கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார். இப்போது யோசித்தால் நான் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. 1664-இல் கோல்பேர் என்ற மந்திரி பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். பத்து ஆண்டு கழித்து 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து குடியமர்ந்தார். வந்தது துணி வாங்க. துணியை எண்ணி, பணத்தை எண்ணி, கப்பலில் ஏற்றுவதற்காகத்தான் இந்த ஊரில் கோட்டையும் தெருக்களும் உண்டாயின. எண்ணுகிற மேசையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்றால் அது பொய்யில்லை.

பாரிஸ் நகரத்துச் சிறு மதுக்கடைகளில் இந்த மேசையின் மேல் உலோகத் தகடு அடித்திருப்பார்கள். அதனால் ஸேங், அதாவது துத்தநாகம் என்று சொன்னாலே பார் கவுண்டர் என்று அர்த்தமாகிவிட்டது. பேரனிடம் இதைச் சொன்னேன். "தகடு வேணாம் தாத்தா, மரம் தெரியணும்" என்றான்.

மரக்கடையில்

நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கதவுகள், நிலைகள், ஜன்னல்கள், தூண்கள், படிக்கட்டுக் கைப்பிடிகள் என்று வீடுகளைத் துண்டு துண்டாகச் சாத்தி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் முப்பது ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்.

ஆசாரியையும் அழைத்துப் போயிருந்தோம். ஐம்பது வயதுக்காரர், அப்பாவும் தாத்தாவும் இதே தொழில். அவர் ஒவ்வொரு உத்திரத்தையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கணீரென்று வந்தால் நல்லது, மொத்தென்று வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. பிறகு உளியால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். தேக்குக்கு ஒரு வாசனை உண்டு. பதப்படுத்திய தோலும் எண்ணெயும் கலந்தது மாதிரி இருக்கும். நூறு ஆண்டு கழித்துச் சீவினாலும் அந்த வாசனை வந்தது. வெளியே சுண்ணாம்பும் புகையும் படிந்து கறுத்துக் கிடந்த கட்டை, சீவிய இடத்தில் தேன் நிறத்தில் இருந்தது.

"பர்மா, ஐயா. வைரம் பாஞ்ச மரம்" என்றார் பாய்.

ஐந்து அங்குலக் கனம், எட்டு அங்குல அகலம், பன்னிரண்டு அடி நீளம். மனக்கணக்கில் மூன்றேகால் கன அடிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அந்த அளவில் மூன்று உத்திரங்களை எடுத்து வைத்தோம். முன்பக்கத்துக்குச் சின்னக் குறுக்குச் சட்டங்கள் ஒரு இருபது.

மூன்றில் ஒரு உத்திரத்தின் நடுவே, கைவிரல் நுழைகிற அளவில் இரண்டு துளைகள் இருந்தன. துளையைச் சுற்றித் துருவின் கறுப்பு. ஊஞ்சல் வளையம் மாட்டிய இடம். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது எந்த வீட்டு மரம் பாய்?"

"அது எப்படிங்க ஐயா ஞாபகம் இருக்கும்? லாரியில வருது, லாரியில போவுது."

எங்கள் வீடும் அப்படி ஒரு லாரியில் போனதுதான். தமிழர் பகுதியில் தாத்தா கட்டிய வீடு. கீழே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் தமிழ்முறை. மாடியில் வளைவு ஜன்னல்கள் பிரெஞ்சு முறை. எங்கள் ஊரில் இப்படி இரண்டும் கலந்த வீடுகள் நிறைய. கூடத்தில் ஊஞ்சல் தொங்கும். அம்மா காலமான பிறகு, 1996-இல், ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார். என் பங்கில்தான் மகளின் கல்யாணம் நடந்தது. அதனால் வருத்தப்பட்டேன் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நான் தலையைத் தூக்கி அந்தக் கூரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன், என் சொந்த வீட்டில் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வைக்கவில்லை.

எங்கள் கூடத்து உத்திரம் பதினான்கு அடி. இது பன்னிரண்டு. அதனால் எங்கள் வீட்டு மரம் இல்லை. இருந்தாலும் அந்தத் துளைகளை விட்டு என் கண் நகரவில்லை. "அந்த வீடு எதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க பாய்" என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

மரம் எண்ணிய தகராறு

பர்மா தேக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மரம் இங்கே வந்த கதை பெரிது.

வெள்ளைக்காரர்களுக்கு முதலில் தேக்கு வேண்டியிருந்தது கப்பல் கட்ட. எண்ணெய்ப் பசை உள்ள மரம், தண்ணீரிலும் சீக்கிரம் உளுக்காது. இரும்பு ஆணியையும் அரிக்காது. மலபார்க் காடுகளை வெட்டி வெட்டிக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் 1840-களில் மலபார் கலெக்டர் கோனலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். அதற்குள் இன்னொரு காடு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. முதல் பர்மா யுத்தம் முடிந்து 1826-இல் தெனாசரிம் கடற்கரை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே மோல்மேன் மரத்துக்குப் பெயர் பெற்ற துறைமுகம் ஆயிற்று. 1852-இல் இரண்டாம் யுத்தத்தில் ரங்கூனும் போயிற்று.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். அதனால் காட்டில் முதலில் மரத்தை வெட்ட மாட்டார்கள். அடியில் சுற்றிலும் பட்டையோடு ஒரு வளையம் ஆழமாக வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலில் காயும். அதன் பிறகுதான் சாய்ப்பார்கள். யானைகள் கட்டையை ஓடைக்கு இழுத்துப் போடும். மழைக்காலத்து வெள்ளம் ஆற்றில் சேர்க்கும். ஆற்றில் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி, நூற்றுக்கணக்கான மைல் மிதக்கவிட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். காட்டில் வளையம் வெட்டிய மரம் ஒரு வீட்டின் கூரைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒரு குமாஸ்தாவாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1863-இல் பம்பாய் பர்மா வணிகக் கம்பெனி தொடங்கியது. பர்மா ராஜாவிடம் குத்தகை எடுத்து மேல் பர்மாவில் மரம் வெட்டியது. 1885-இல் ராஜாவின் மந்திரி சபை ஒரு குற்றச்சாட்டு வைத்தது. கம்பெனி காட்டியிருக்கும் கணக்கைவிட அதிகக் கட்டைகள் வெளியே போயிருக்கின்றன, பணம் கட்டவில்லை என்று பெரும் அபராதம் போட்டது. அதாவது எண்ணிக்கைத் தகராறு. அலுவலகத்தில் ஒரு தணிக்கை ஆட்சேபம் வந்தால் கோப்பு நான்கு மேசை சுற்றும். இங்கே அதுவே யுத்தத்துக்குச் சாக்காகிவிட்டது.

உண்மைக் காரணம் மரம் மட்டும் அல்ல. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பர்மா ராஜா திபா பிரான்சுடன் ஒரு வணிக உடன்படிக்கை செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே இந்தோசீனாவில் இருந்தார்கள். பர்மாவுக்குள்ளும் வந்துவிடுவார்களோ என்று ஆங்கிலேயருக்குப் பயம். நவம்பரில் படை கிளம்பியது. இரண்டு வாரத்தில் மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. திபா ராஜாவைக் குடும்பத்தோடு ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916-இல் அங்கேயே காலமானார். இதில் எதுவும் எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டைகளை ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தடை செய்துவிட்டது. பழைய வீட்டு உத்திரத்துக்கு இவ்வளவு கிராக்கி இருக்க அதுவும் ஒரு காரணம்.

மச்சிலிருந்து மண்ணுக்கு

புதுச்சேரியில் அந்தக் காலத்தில் துறைமுகம் என்று சொல்லும்படி ஒன்று இருந்ததில்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். சரக்கையும் ஆளையும் சலங்கு என்ற தையல் படகுகளில்தான் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1866-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயலில் அது போய்விட்டது. எனக்கு அப்போது மூன்று வயது.

வசதி உள்ள வீடுகளுக்குத் தேக்கு, வசதி குறைந்த வீடுகளுக்குப் பனை. அந்தக் காலத்து மச்சு எப்படிப் போட்டார்கள் என்று தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் பெரிய உத்திரம். அதன் மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிக்க வைப்பார்கள். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள். உள்ளே குளுமையாக இருக்கும்.

இதற்கு ஒரே எதிரி மழைத்தண்ணீர். மாடியில் ஒரு விரிசல் விழுந்து, அதைக் கவனிக்காமல் விட்டால், தண்ணீர் சுவருக்குள் இறங்கி உத்திரத்தின் நுனியைத் தின்னும். நடுமரம் இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு அடி மக்கிப் போயிருக்கும். எங்கள் ஊர் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மாளிகை, 1870-களில் கட்டியது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். தனியார் வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பங்காளிகள் அதிகம், பழுதுபார்க்க ஆசாரி இல்லை, நிலத்தின் விலை வீட்டின் விலையைவிடப் பத்து மடங்கு. இடிப்பதுதான் லாபம்.

ஒன்றைப் பிரித்து இன்னொன்று கட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765-இல் திரும்பி வந்த லா தெ லொரிஸ்தோன் இடிபாடுகளின் மேல்தான் ஊரைத் திரும்ப எழுப்பினார். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-இல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்தார்கள். தினமும் ஆயிரம் பேர் அந்தத் தூணடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்த மண்டபத்தைத் தாங்கியது என்று தூணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மரமோ கல்லோ, இடம் மாறினால் பேச்சை இழந்துவிடுகிறது.

கவுண்டர் உருவான விதம்

முதல் சிக்கல் மரமறுக்கும் மில்லில். பழைய மரம் என்றாலே அவர்கள் பின்வாங்குகிறார்கள். உள்ளே ஒரு ஆணி இருந்தால் பட்டை ரம்பத்தின் பல் போய்விடும். "ரம்பம் உடைஞ்சா நீங்கதான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார் மில்காரர். ஆசாரியும் உதவியாளும் இரண்டு நாள் உட்கார்ந்து ஆணி பிடுங்கினார்கள். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடினார்கள். மூன்று உத்திரத்திலிருந்து நூற்றுப் பதினோரு ஆணிகள். எண்ணியது நான். பாதிக்கு மேல் கொல்லன் பட்டறையில் அடித்த சதுர ஆணிகள்.

இரண்டு நுனியிலும் மக்கிய பகுதியை ஒவ்வொரு அடி வெட்டியதும், பன்னிரண்டு அடி பத்து அடி ஆயிற்று. பேரன் பதினான்கு அடி கவுண்டருக்குப் படம் போட்டு வைத்திருந்தான். ஆசாரி சிரித்தார். "தம்பி, மரம் சொல்றதுதான் நீளம்" என்றார். பத்தடி என்று முடிவாயிற்று.

ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு உத்திரத்திலிருந்து மூன்று பலகைகள் கிடைத்தன. எட்டு அங்குலம் வீதம் மூன்றைச் சேர்த்தால் இரண்டடி அகல மேல்பலகை. ஊஞ்சல் உத்திரம்தான் அதற்குப் போயிற்று. மற்ற இரண்டு உத்திரங்கள் காலுக்கும் சட்டத்துக்கும். குறுக்குச் சட்டங்களை அறுத்து முன்பக்கத்தை மூடினார்கள். நின்றுகொண்டு முழங்கையை ஊன்ற வசதியாக உயரம் நாற்பத்திரண்டு அங்குலம். கீழே கால் வைக்க ஒரு பித்தளைக் குழாய். மேல்பலகை வாடிக்கையாளர் பக்கம் எட்டு அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் இடிக்கும்.

தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. பலகையின் விளிம்புகளைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த உடனே பசை போட்டு இறுக்கினார்கள். மேல்பலகையைச் சட்டத்தோடு ஆணி அடித்து அசையாமல் கட்டிவிடவில்லை. திருகாணித் துளைகளை நீளவாக்கில் கொஞ்சம் தளர்வாக விட்டார் ஆசாரி. "நூறு வருஷ மரம்தானே, இன்னுமா அசையும்?" என்று கேட்டேன். "கடக்காத்து அடிக்கிற ஊருங்க ஐயா. ஐப்பசியில ஊதும், சித்திரையில சுருங்கும். விட்டுப் புடிச்சாத்தான் வெடிக்காது" என்றார்.

கடைசியில் பாலிஷ். பிரெஞ்சு பாலிஷ் போடலாமே என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஊருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைப்பு. ஆசாரி தலையை ஆட்டினார். பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. ஸ்பிரிட்டும் மதுவும் ஒரே சரக்குதான். ஒரு கிளாஸ் சிந்தினால் போதும், அரக்கு கரைந்து வெள்ளை வளையம் விழும். உலகத்தில் பிரெஞ்சு பாலிஷ் போடக் கூடாத மேசை ஒன்று உண்டென்றால் அது பார் கவுண்டர்தான். கடைசியில் தண்ணீரும் மதுவும் தாங்குகிற பி.யு. பூச்சுதான் அடித்தார்கள். மெருகு குறைவாக, மரம் மரமாகவே தெரிகிறது.

ஊஞ்சல் துளைகளை என்ன செய்வது என்று ஒரு விவாதம் நடந்தது.  பேரன் அதே தேக்கில் வட்டத் துண்டு செதுக்கி அடைக்கச் சொன்னான். இப்போது கவுண்டரின் நடுவில் இரண்டு வட்டங்கள் தெரிகின்றன. அந்தத் துருக்கறையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். பலகையின் அடிப்பக்கத்தில் உளியால் கொத்திய மூன்று கோடுகளும் இருந்தன. "மூணாவது உத்திரம்னு அந்தக் காலத்து ஆசாரி வெச்ச அடையாளம்" என்றார் நம் ஆசாரி. அந்தப் பக்கத்தை இழைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

ஓரக் குறிப்பு

பாயிடமிருந்து இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. வீடு இடித்த மேஸ்திரியைப் பிடித்து விசாரித்திருக்கிறார். தெருப் பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த தெருதான். அங்கே இருப்பவர்கள் இன்னும் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

மறுநாள் காலை நடந்தே போனேன். அந்த மனையில் நான்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஊஞ்சலா? ஆமா, கூடத்துல இருந்திச்சு. சாயந்திரம் ஆனா நாங்க நாலு பேரு அதுல உக்காந்து மொச்ச உரிப்போம். அவங்க வீட்டு ஐயா சைகோன்ல உத்தியோகம் பாத்தவரு" என்றார். பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊரிலிருந்து இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் பலர். பட்டாளத்துக்காரர்களைச் சொல்தா என்போம். "இப்ப அந்த மரம் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டார். எழுபத்தைந்து வயதில் என்னைத் தம்பி என்று அழைக்க ஒருவர் இருந்தார். பார் கவுண்டர் என்று சொல்லத் தயங்கி, "ஒரு சாப்பாட்டுக் கடையில மேசையா இருக்கும்மா" என்றேன். "எரிக்காம வெச்சிருக்காங்களே, அது போதும்" என்றார்.

திரும்பி வரும்போது நான் வேலை பார்த்த அலுவலகத்துப் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் ஞாபகம் வந்தன. பிரெஞ்சு முறையில், ஒருவரின் பிறப்புப் பதிவுக்குப் பக்கத்தில் ஓரம் விட்டிருப்பார்கள். அவருக்குக் கல்யாணம் ஆனால் அந்த ஓரத்தில் குறிக்க வேண்டும். இறந்தால் அதையும் அங்கேயே குறிக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு மனுஷன் வந்ததும் போனதும் தெரிந்துவிடும். ஓரக் குறிப்பு எழுதாத பதிவு முடியாத பதிவு என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார்.

பேரனிடம் கேட்டு, கவுண்டரின் அடிப்பக்கத்தில், அந்த மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில், அழியாத மையால் ஐந்து வரிகள் எழுதினேன். தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து எழுத வேண்டியிருந்தது. முதுகு இரண்டு நாள் வலித்தது. பர்மா தேக்கு. இன்ன தெருவில் இன்ன வீட்டில் கூடத்து மூன்றாம் உத்திரம். ஊஞ்சல் தொங்கியது. இந்த ஆண்டு வீடு இடிந்தது. இந்த ஆண்டு, இந்த மாதம் கவுண்டர் ஆனது. கீழே ஆசாரி தன் பெயரை எழுதினார். இன்னும் நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். ரெஸ்டாரண்டும் ஒருநாள் மூடலாம். மரம் அதற்கப்புறமும் இருக்கும்.

திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். என் மனைவியும் வந்தாள். கூட்டம் நல்ல கூட்டம். நான் சிறுவனாக இருந்தபோது சென்னை ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. 1948 முதல் 1971 வரை கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருவார்கள். சாராயக்கடையில் ஒரு கரடுமுரடான பலகைதான் இருக்கும். அதன் முன்னால் வந்து நின்றவர்களில் எத்தனையோ பேருடைய குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. அதை மறந்துவிட்டு இந்தக் கவுண்டரை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. பேரனிடமும் அதைச் சொன்னேன். "அளவுக்கு மேல போனா ஊத்த மாட்டேன் தாத்தா" என்றான். பார்க்கலாம்.

எனக்கு ஒரு எலுமிச்சை சோடா கொடுத்தான். கிளாஸை வைக்கும்போது கை தானாக அந்த வட்டத்தின் மேல் போயிற்று. என் மனைவி, தன் வழக்கத்துக்கு மாறாக, பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு ஊஞ்சல் மரம் எங்க இருக்கோ" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1996-இல் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் இருந்திருக்கும்.

பழைய வீட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டை விற்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நானே விற்றவன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். எத்தனை உத்திரம், என்ன மரம், எந்த அறை, யார் கட்டியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்தால் மரத்திலேயே எழுதுங்கள். பத்து நிமிட வேலை.